தாழ்வானக் கோள்களின் வழிக்கணக்கு



ஏவிய செயற்கைக்கோள் நாளை எங்கிருக்கும் எனக் கணித்தல் எளிதென்று கருதுவாரும் உளர். நிலவுலகு பிழையற்ற உருண்டையாகவும், கோள் செல்லும் வழி காற்றற்ற வெளியாகவும் இருப்பின், கெப்ளர் காட்டிய நீள்வட்டமே போதும். இரண்டும் அவ்வாறில்லை.

நிலவுலகின் நடுக்கோட்டு ஆரை முனை ஆரையினும் ஏறத்தாழ 21 கிலோமீட்டர் மிகுதி. இப்புடைப்பின் ஈர்ப்பால், தாழப் பறக்கும் கோளின் சுற்றுத்தளம் நாடொறும் சில பாகை திரும்புகின்றது. உயரே எஞ்சிய மென்காற்றோ கோளைத் தடுத்துக் கீழிழுக்கின்றது.

இவற்றைக் கணிக்க வழிகள் இரண்டு. நொடிக்கு நொடி விசைகளைக் கூட்டி அடியடியாய்ச் செல்வது எண்முறை. விசைகளின் விளைவை முன்னரே வாய்பாடாக வடித்து, வேண்டிய நேரத்தை அதிலிட்டு, கோளின் நிலையை ஒரேயடியாகப் பெறுவது பகுப்புமுறை. புடைப்பிற்குரிய வாய்பாடுகளைப் பிரௌவரும் கோசாயும் 1959இல் தனித்தனியே வெளியிட்டனர். காற்றுத்தடையின் விளைவை இங்கிலாந்தின் கிங்கீலி ஆய்ந்தார். 1980இல் அமெரிக்கர் வெளியிட்ட எசு.சி.பி.4 எனும் பகுப்புமுறை இன்றும் ஆளப்படுகின்றது.

இம்முறை விரைவானது, கரணியமும் காட்டுவது. சுற்றுத்தளச் சாய்வு 63.4 பாகையாயின் நீள்வட்டத்தின் தாழ்முனை இடம்பெயராது என்பதை வாய்பாடே உரைக்கும். 297இல் ஒரு பங்கெனக் கொண்டிருந்த உலகின் தட்டைமை, 298இல் ஒரு பங்கெனத் திருந்தியதும் தொடக்கக் கோள்களின் வழியை ஆய்ந்தமையாலேயே.

ஆயினும், புடைப்பு மாறாதது, காற்றோ மாறுவது. கதிரவன் கொந்தளித்தால் மேற்காற்று வெம்மையுற்று விரிந்து, கோளின் உயரத்தில் அடர்த்தி மிகும். 1973இல் ஏவப்பட்ட இசுகைலாப் 1980களிலும் நிலைக்கும் என எதிர்பார்க்கப்பட்டது. கதிரவனின் செயற்பாடு கருதியதினும் மிகவே, 1979 சூலை 11ஆம் நாள் அது வீழ்ந்தது. சிதறல்கள் இந்தியப் பெருங்கடலிலும் மேலை ஆத்திரேலியாவிலும் விழுந்தன. நல்வாய்ப்பாக எவர்க்கும் ஊறில்லை. 2022 பிப்பிரவரி 3ஆம் நாள் ஏவிய 49 இசுடார்லிங்க் கோள்களுள் 38, கதிரவப் புயலால் அடர்ந்த காற்றில் சிக்கி அழிந்தன.

நொடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் விரையும் கோளுக்கு ஒரு மணித்துளிப் பிழை 450 கிலோமீட்டருக்கு மேற்பட்ட இடப்பிழையாம். அது கடலுக்கும் ஊருக்கும் இடைப்பட்ட தொலைவாகவும் இருக்கலாம். ஆதலின் வாய்பாட்டை வகுத்தலோடு கடமை முடிவதில்லை. வானை நாடொறும் நோக்கி, கணக்கைக் காட்சியோடு ஒப்பிட்டுத் திருத்துவதே கோள்வழி அறிவியலின் ஒழுக்கம்.