சாரத்தில் ஏறுமுன் ஒரு பாடம்

(கமக்காரர்களும் பொறியியலாளர், வைத்தியர், ஆசிரியர் முதலிய தொழில்வல்லுநர்களும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இத்தகைய மேடைகளில் உரிமைகளைப் பற்றிப் பேசுவது எமது வழக்கம். மொழியுரிமை, காணியுரிமை, ஆட்சியுரிமை என்று நாம் பேசி வந்திருக்கின்றோம், இனியும் பேசுவோம். ஆனால் மேடைகளில் அதிகம் பேசப்படாத ஓர் உரிமையைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகின்றோம். காலையில் வேலைக்குச் சென்ற மகன் மாலையில் முழு உடம்போடு வீடு திரும்பும் உரிமையே அது.

நாம் நன்கறிந்த கமக்காரக் குடும்பம் ஒன்று. வெங்காயச் செய்கை பொய்த்துப்போன ஓராண்டில், அக்குடும்பத்தின் பத்தொன்பது வயது மகன் ஒரு மேசனுக்குக் கையாளாகச் சென்றான். மூன்றாம் நாள் கூரை வேலை. அஸ்பெஸ்ரஸ் சீற்றின்மேல் ஏறச் சொன்னார்கள், ஏறினான். ஆணி வரிசையின் கீழேதான் மரம் இருக்கின்றது. இரண்டு மரங்களுக்கு இடைப்பட்ட சீற்று ஆளின் பாரத்தைத் தாங்காது. குறுக்கே பலகை போட்டு அதன்மேல்தான் நடக்க வேண்டும். இந்த மூன்று செய்திகளையும் அவனுக்கு எவரும் சொல்லவில்லை. சீற்று உடைந்தது. விழுந்தவனுக்கு முள்ளந்தண்டு முறிந்தது. அவன் மீண்டும் எழுந்து நடக்கவில்லை.

வீட்டுக்காரர் எமது நண்பர், கற்றவர், வைத்தியச் செலவைத் தாமே கொடுத்தார். மேசனும் கெட்டவரல்லர், அவரும் எவரும் சொல்லிக் கொடாமலே தொழில் பழகியவர். எல்லோரும் கூடி, "விதி" என்று சொல்லி முடித்தார்கள். அன்று நாமும் அங்கிருந்தோம், நாமும் தலையசைத்தோம். அது விதியன்று என்று சொல்லும் துணிவு அன்று எமக்கிருக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடிய ஒரு பாடம் சொல்லப்படாமற் போனதன் விளைவு அது. குற்றவாளி என்று எவரையும் சுட்ட முடியாது. ஆனால் குற்றம் உண்டு. அக்குற்றத்தில் எமக்கும் பங்குண்டு.

எமக்கு எவ்வாறு பங்கு என்று கேட்பீர்கள். பெரிய நகரங்களில் மாடங்கள் எழுப்புவோர் கம்பனிகளும் ஒப்பந்தகாரர்களும் ஆவர். எமது ஊர்களிலோ, வீட்டுக்காரரே சீமெந்து வாங்குகிறார். வீட்டுக்காரரே மேசனை நாட்கூலிக்கு அழைக்கிறார். மேசன் கையாள்களைக் கூட்டி வருகிறார். போர் முடிந்தபின், இந்திய அரசின் உதவியோடு 2012ஆம் ஆண்டு முதல் வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் வீடுகள் எழுந்தபோதும் இதுவே முறை. ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கட்டங் கட்டமாக வழங்கப்பட்டது. கட்டும் பொறுப்பைக் குடும்பமே ஏற்றது. எனவே, இந்தச் சபையிலே வீடு கட்டிய ஒவ்வொருவரும், கிணறு வெட்டிய ஒவ்வொருவரும், ஒருநாளேனும் ஒரு தொழிலாளிக்கு எசமானராக இருந்தவர்களே. பொறுப்பு எங்கோ கொழும்பில் இருக்கின்றது என்று நாம் கையைத் துடைத்துக்கொள்ள இயலாது.

முதல் நாள் சொல்ல வேண்டிய பாடந்தான் யாது? அது பெரிய வித்தையன்று.

முதலாவது, உயரம். ஏணியை நான்கடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் அடியைத் தள்ளிச் சாய்க்க வேண்டும். ஏறி நிற்கும் இடத்துக்கு மேலே மூன்றடியாவது ஏணி நீண்டிருக்க வேண்டும். சாரத்துக் கட்டுகளை ஒவ்வொரு காலையும், மழை பெய்த பின்னரும் பார்த்த பிறகே ஏற வேண்டும். ஒற்றைப் பலகையில் நின்று சுவர் பூசுவது வீரமன்று.

இரண்டாவது, மண். ஒரு கன மீற்றர் மண் ஏறத்தாழ ஒன்றரைத் தொன் நிறையுள்ளது. மலசலகூடக் குழியோ அத்திவாரமோ ஆழமாக வெட்டும்போது கரை சரிந்தால், நெஞ்சளவு புதைந்தவனும் மூச்செடுக்க முடியாமல் இறப்பான். வெட்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலே குவிக்கலாகாது. கரையைச் சாய்வாக வெட்ட வேண்டும், அல்லது பலகையடித்து முட்டுக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, கிணறு. கமக்காரர்களாகிய நீங்கள் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். கிணற்றை ஆழமாக்கும்போதும் தூர் எடுக்கும்போதும் இறைப்பு இயந்திரத்தைக் கிணற்றுக்குள்ளே இறக்கி ஓடவிடுவது சிலரின் வழக்கம். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்னும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உள்ளே இருப்பவன் மயங்கி விழுவான். அவனைத் தூக்க இறங்குகின்ற அண்ணனும் விழுவான். அண்ணனைத் தேடி இறங்குகின்ற தகப்பனும் விழுவான். ஒரே கிணறு ஒரு குடும்பத்தையே கொண்டுபோவது இவ்வாறுதான். இயந்திரம் ஒருபோதும் கிணற்றுக்குள் ஓடலாகாது. இறங்குபவன் இடுப்பில் கயிறு இருக்க வேண்டும். அக்கயிற்றை மேலேயிருந்து இழுத்தெடுக்க ஆட்கள் நிற்க வேண்டும். உள்ளே ஒருவன் விழுந்தால், இன்னொருவன் இறங்குவது அன்பாகலாம், அறிவாகாது.

நான்காவது, மின்சாரம். ஈரத்தரையில் வெறுங்காலுடன் நின்று, ஒட்டுப்போட்ட வயரில் அரியும் இயந்திரத்தைப் பிடித்திருக்கும் இளைஞனை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். 30 மில்லியம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத இடத்திலிருந்து வேலைக்கு மின்சாரம் எடுக்கலாகாது.

ஐந்தாவது, சீமெந்தும் தூசியும். குழைத்த சீமெந்து கடுங்காரம் உள்ளது. காலில் பட்டுக் காய்ந்தால் முதலில் நோவு தெரியாது. மாலையில் தோல் வெந்து புண்ணாகியிருக்கும். கண்ணில் பட்டால் உடனே நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கருங்கல்லையும் மாபிளையும் உலர அரியும்போது எழும் தூசியும், அஸ்பெஸ்ரஸ் தூசியும் பல்லாண்டுகளின் பின் சுவாசப்பையைக் கெடுப்பவை. தண்ணீர் விட்டு நனைத்து அரிந்தால் அத்தூசி பெரிதும் அடங்கும்.

இவ்வளவே. அரை நாளில் சொல்லி, செய்து காட்டி, செய்வித்தும் பார்க்கலாம்.

பாதுகாப்பைப் படிப்பித்தால் வேலை மந்தமாகும் என்று சிலர் நினைக்கின்றனர். அது தவறு. பாதுகாப்பும் கைத்திறனும் ஒரு பாடத்தின் இரண்டு பக்கங்கள். கொங்கிறீற்றுக் கலவையில் தண்ணீரை மிகுதியாக விட்டால் குழைப்பது இலகு. ஆனால் காய்ந்தபின் அதன் வலு குறையும். கொங்கிறீற்றின் வலுவைப் பொறியியலாளர் 28ஆம் நாளில் அளந்தறிவது வழக்கம். வீட்டுக்காரரின் அவசரத்துக்காக முட்டுகளை முன்கூட்டியே எடுத்தால், கீழே நிற்பவனின் தலையில் தளம் இறங்கும்; இறங்காவிட்டாலும் வெடிப்போடு நிற்கும். கையாளுக்கு எதனால் என்பதைச் சொல்லிக்கொடுத்தால் அவன் உயிரும் பிழைக்கும், எமது வீடும் பிழைக்கும்.

இனி, எந்த மொழியில் இப்பாடம் சொல்லப்பட வேண்டும் என்பது. 1956ஆம் ஆண்டின் சட்டம் எமது மொழிக்குச் செய்த அநீதியை இச்சபைக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்று கூறிற்று. ஆனால் ஏட்டில் எழுதிய உரிமை சாரத்தின் உச்சிக்கு ஏறவில்லை. இயந்திரப் பெட்டிக்குள் வரும் கைந்நூலில் தமிழைக் காண்பது அரிது. "அபாயம்" என்பது வாசிக்கத் தெரியாத எழுத்தில் எழுதப்பட்டிருந்தால், அது எழுதப்படாததற்கே சமம்.

சிங்கப்பூரைப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து அங்கே கட்டடவேலைக்குச் செல்லும் தொழிலாளி, பாதுகாப்பு அறிமுக வகுப்பில் தேறிய பின்னரே வேலைத்தளத்தில் வேலைசெய்யலாம். அந்த வகுப்பு தமிழிலும் நடைபெறுகின்றது. கடல் கடந்த நாட்டில் தமிழனுக்குத் தமிழிற் கிடைக்கும் பாடம், சொந்த மண்ணில் அவனுக்குக் கிடையாதிருப்பது தகுமா?

உலகம் இதைக் கருணையாகக் கருதவில்லை; கடமையாகவே கருதுகின்றது. கட்டடத் தொழிலில் பாதுகாப்பும் சுகாதாரமும் பற்றிய சர்வதேசத் தொழில் தாபனத்தின் 1988ஆம் ஆண்டு 167ஆம் இலக்க உடன்படிக்கை, தொழிலாளிக்கு ஆபத்துகளை அறிவித்துப் பயிற்சியும் கொடுக்க வேண்டும் என்று விதிக்கின்றது. 2022ஆம் ஆண்டு அத்தாபனம் பாதுகாப்பான வேலைச் சூழலை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. இலங்கையிலும் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934 முதல் உண்டு. ஆனால் நட்டஈடு முறிந்த முள்ளந்தண்டை ஒட்ட வைப்பதில்லை.

பயிற்சிக்கு வழியே இல்லை என்றும் நாம் சொல்லவில்லை. தொழில் பயிலுநர்க்கான சட்டம் 1971இலேயே வந்தது. ஏழு படிகள் கொண்ட தேசிய தொழிற் தகைமை முறை இன்று உண்டு. வகுப்புக்குப் போகாமல் அனுபவத்தால் தொழில் கற்ற மேசனும் ஓடாவியும் தம் திறமையைக் காட்டிச் சான்றிதழ் பெறும் வழி அதிலே இருக்கின்றது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகத்தில் கட்டுமானத் தொழிலும் கற்பிக்கப்படுகின்றது.

ஆயின் எமது கையாள் ஏன் அங்கே போவதில்லை? ஒருநாள் வகுப்புக்குப் போனால் அன்று வீட்டில் உலை வைக்க முடியாது என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் எம்மிடமே உள்ளது. உத்தியோகத்தை உயர்வாகவும் கைத்தொழிலை இழிவாகவும் எண்ணும் நோய் எம்மை விட்டு இன்னும் நீங்கவில்லை. மகன் வைத்தியனாவதற்குப் பத்தாண்டு செலவிடத் தயங்காத சமுதாயம், அந்த வைத்தியனின் வீட்டைக் கட்டுகின்றவனுக்கு அரை நாள் செலவிடத் தயங்குகின்றது.

ஆகவே, நாம் வேண்டுவன மூன்று.

அரசிடம் வேண்டுவது: தொழிற் பாதுகாப்புப் பற்றிய அறிவித்தல், பயிற்சி, பரிசோதனை யாவும் தமிழ்ப் பகுதிகளில் தமிழிலேயே நடைபெற வேண்டும், பயிற்சிக்கு வரும் நாட்கூலித் தொழிலாளிக்கு அன்றைய கூலிக்கு ஈடு கொடுக்கப்பட வேண்டும்.

பொறியியலாளர்களிடமும் வைத்தியர்களிடமும் வேண்டுவது: நீங்கள் ஆங்கிலத்தில் கற்றதை எளிய தமிழில் எழுதி, மாதத்தில் ஒரு ஞாயிறு சனசமூக நிலையத்தில் சொல்லிக் கொடுங்கள். வரைபடத்தில் ஒப்பமிடுவதோடு உங்கள் கடமை முடிந்துவிடவில்லை.

கமக்காரர்களிடமும் வீடு கட்டுவோரிடமும் வேண்டுவது: அத்திவாரக் கல் நாட்டும் நாளில் மேசனுக்கும் கையாள்களுக்கும் வேட்டியும் வெற்றிலையும் வைத்துக் கௌரவிக்கின்றோம். அன்றே அரை நாளை இப்பாடத்துக்கு ஒதுக்குங்கள். அந்த அரை நாளுக்கும் முழுக் கூலி கொடுங்கள். நல்ல கயிறும் தலைக்கவசமும் கையுறையும் சீமெந்துக் கணக்கோடு சேரட்டும்.

இக்கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு தாள் வைக்கப்படும். அடுத்த ஆண்டுக்குள் வீடோ கிணறோ கட்ட எண்ணியிருப்போர் அதிலே பெயரைப் பதியுங்கள். பாடஞ் சொல்ல முன்வரும் பொறியியலாளர்கள் மறுபக்கத்தில் பதியுங்கள். இரு பக்கத்தையும் இணைத்துவைக்கும் வேலையை நாம் ஏற்றுக்கொள்கின்றோம். அந்தப் பத்தொன்பது வயது இளைஞனிடம் இதைச் சொன்னபோது, வகுப்பு நடக்கும் இடத்துக்குத் தன்னையும் கூட்டிச் செல்லும்படி கேட்டான். சீற்றைப் பற்றிய பாடத்தைத் தானே சொல்லப்போவதாகக் கூறினான்.