உழைப்பவரின் ஓய்வு: சலுகையன்று, உரிமை
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் நிகழ்த்திய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் ஏக இறைவன் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணலெம் பெருமானார் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

நம் ஜமாஅத்தில் வணிகர்களும் உள்ளனர்; அவர்களிடம் வேலை பார்ப்போரும் உள்ளனர். பள்ளிக்குள் முதலாளியும் தொழிலாளியும் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றோம். கடைக்குத் திரும்பிய பிறகும் அந்தச் சகோதரத்துவம் நம்மிடம் நிலைத்திருக்கின்றதா?

நம்மிடம் பணிபுரிவோர் நம் சகோதரர்கள் என்றும், அவர்களின் சக்திக்கு மீறிய சுமையைச் சுமத்தலாகாது என்றும், அவ்வாறு சுமத்த நேர்ந்தால் நாமே அவர்களுக்குத் துணை நிற்க வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் போதித்ததை அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது பதிவாகியுள்ளது. இன்னொரு நிகழ்ச்சி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. அன்ஸாரி ஒருவரின் தோட்டத்திற்குள் நபியவர்கள் நுழைந்தபோது, அங்கிருந்த ஒட்டகம் அவர்களைக் கண்டு கண்ணீர் வடித்தது. அதன் உரிமையாளரை அழைத்து, அதனைப் பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்குவதாக அது முறையிடுகின்றது என்று கூறி, அல்லாஹ்வை அஞ்சுமாறு எச்சரித்தார்கள். வாயற்ற பிராணியின் முறையீட்டுக்கே இத்துணை மதிப்பென்றால், வேலை போய்விடுமே என்று அஞ்சி வாய்மூடி நிற்கும் மனிதனின் முறையீடு அல்லாஹ்விடத்தில் எத்தகையதாக இருக்கும்!

நாட்டுச் சட்டமும் இவ்விஷயத்தில் தெளிவாகவே உள்ளது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், கடை ஊழியருக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என்று வரம்பு விதிக்கின்றது. குறைந்தது 1 மணி நேர ஓய்வு தராமல் 4 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றும் கூறுகின்றது. 2021-இல் செய்யப்பட்ட திருத்தம், வேலையினூடே அமர்ந்துகொள்ள இருக்கை வசதி செய்து தருவதையும் கட்டாயமாக்கியது. காலை முதல் இரவு வரை ஜவுளிக்கடையில் நின்றுகொண்டே துணி விரித்துக் காட்டும் பெண்களின் கால்வலியை எண்ணிப் பார்த்தால், இதன் அவசியம் நமக்கு விளங்கும்.

“தொழுகைக்கு அனுப்புகின்றோமே, அதுவே ஓய்வுதானே?” என்று நம்மவர் சிலர் கேட்கின்றனர். தொழுகை மனத்திற்கு அமைதி தருவது உண்மையே. எனினும் தொழுகை நேரம் அல்லாஹ்வின் ஹக்கு. உணவுக்கும் ஓய்வுக்கும் உரிய நேரம் அடியானின் ஹக்கு. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைக் கழித்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை. ஜுமுஆ தொழுத பின்னரே ஸஹாபாப் பெருமக்கள் பகலுணவு உண்டு, கைலூலா எனும் பகல் உறக்கமும் கொண்டனர் என்று ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். தொழுகை வேறு, ஓய்வு வேறு என்பதற்கு இதுவே போதிய சான்றாகும். நம் கடையில் வேலை செய்யும் பிற சமயச் சகோதரரைப் பற்றியும் எண்ண வேண்டும். தொழுகையே ஓய்வென்றால் அவருக்குரிய ஓய்வு எங்கே?

ரமளானில் இக்குறை மிகுதியாகின்றது. பெருநாள் வியாபாரம் நள்ளிரவு வரை நீள்கின்றது. நோன்பாளியான ஊழியர் இஃப்தாரை அள்ளிப் போட்டுக்கொண்டு மீண்டும் நிற்கின்றார், தராவீஹும் தவறுகின்றது, ஸஹருக்குமுன் கண்ணயரவும் நேரமில்லை. நம் வியாபாரத்தில் பரக்கத் வேண்டித் துஆச் செய்யும் நாம், அதற்காக உழைப்பவரின் நோன்பையும் உறக்கத்தையும் பாழாக்கலாமா? முறை வைத்து ஆட்களை மாற்றி அனுப்பினால் வியாபாரமும் குறையாது, உழைப்பவரும் வாடமாட்டார்.

ஜமாஅத்தார்களே! இதனை நம் பள்ளியிலிருந்தே தொடங்குவோம். ஏனெனில் ஜமாஅத்தும் ஒரு முதலாளிதான். நம் மோதினார் ஃபஜ்ரு பாங்கிற்கு முன்பே எழுந்து, இஷாவுக்குப் பின் கதவைப் பூட்டி உறங்கச் செல்கின்றார். இடையில் ஹவுளைக் கழுவுவதும், ஜனாஸா அறிவிப்பும், நிக்காஹ் ஏற்பாடும் அவருடையவையே. அவருக்கு வாரத்தில் ஒரு நாள் விடுப்பும், லுஹருக்கும் அஸருக்கும் இடையே எவரும் அழைக்காத ஓய்வும் தர நிர்வாகம் தீர்மானிக்க வேண்டுகின்றோம். அந்நாளில் பாங்கு சொல்லும் பொறுப்பை நம் வாலிபர்கள் முறைவைத்து ஏற்கட்டும். அது பெரும் நன்மையல்லவா! இதனை நமக்காகக் கேட்கவில்லை. கேட்கக் கூச்சப்படும் ஒருவருக்காகவே கேட்கின்றோம்.

வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரித்திருப்பதைப் புகாரியில் காண்கின்றோம். ஊழியரின் ஓய்வு நேரத்தைப் பறித்து வாங்கும் வேலையும் கூலி கொடாத வேலையே என்பதை அஞ்சிக்கொள்வோமாக!

நம் கரங்களுக்குக் கீழ் உள்ளோரின் ஹக்கை உணர்ந்து நிறைவேற்ற வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.