மேய்ப்பரும் மந்தையும்



ஊரைவிட்டு வந்த நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குச் சபையே சுற்றம். அங்கே மனம் நொந்தவர் போக்கிடமின்றித் தவிக்கிறார். இத்துயர் நெல்லைச் சீமைக்குப் புதிதன்று.

நாசரேத்தில் உபதேசியாராயிருந்த அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை, மிஷனெரி கேமரருடன் முரண்பட்டுப் பணியிழந்தார். 1857-இல் பிரகாசபுரத்தில், அயல்நாட்டார் பணத்தையும் ஆதிக்கத்தையும் விலக்கி, ஏக இரட்சகர் சபையைத் தோற்றுவித்தார், சனிக்கிழமையை ஓய்வுநாளாக்கினார். அவர் கொள்கையை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். ஆயினும் மேய்ப்பரை நீங்கிய அவர் ஆண்டவரை நீங்கவில்லை.

பாப்டிஸ்டுகளின் வரலாறும் இதையே உணர்த்தும். மாந்தர் ஆன்மாவின்மேல் மன்னருக்கு அதிகாரமில்லை என 1612-இல் எழுதிய தாமஸ் ஹெல்விஸ், இலண்டனில் சிறைப்பட்டார். அவர் வழிவந்தனவாகிய அமெரிக்க அடிப்படைவாதச் சபைகள் சிலவற்றிலோ, பின்னாளில் போதகர் சொல்லே தேவவாக்காயிற்று, வினவியவர் கலகக்காரராயினர். மன்னருக்கு மறுத்ததைப் போதகருக்கு அளித்துவிட்டனர்!

பெற்றோரே! உங்கள் பிள்ளை ஆலயம் வர மறுத்தால், விசுவாசம் கெட்டதென்று கடிந்துகொள்ளாதீர். நடந்தது யாதெனக் கேளுங்கள். சபையோரே! கணக்கைக் காட்டுவதும் கேள்விக்கு விடையளிப்பதும் போதகருக்கு இழுக்கல்ல. கோயிலாயினும், சபையாயினும், நம் சங்கமேயாயினும், கேட்பவரை வெளியேற்றினால் எஞ்சுவது அச்சமே, அன்பு அன்று.