கொழுந்தில் செப்பு, இரத்தத்தில் இரும்பு

(தோட்டத் தாய்மார் கூட்டத்தில் எமது சுகாதாரக் குழுவினர் ஆற்றிய உரை)



மலையிலிருந்து இறங்கிய களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நாங்கள் நீட்டி முழக்கப் போவதில்லை. இன்றைக்குப் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நொதியமும் புரதமும். பேரைக் கேட்டதும் இது பள்ளிக்கூடத்துப் பாடம் என்று பயந்துவிட வேண்டாம். நொதியம் செய்கிற வேலையை நீங்கள் தினமும் கண்ணால் பார்க்கிறவர்கள்.

எப்படி என்று கேட்பீர்கள். நீங்கள் எடுத்த கொழுந்து பெக்டரிக்குப் போகிறது. அங்கே காற்றில் வாட்டி, பிறகு ரோலரில் போட்டு உருட்டுகிறார்கள். பச்சையாக இருந்த இலை கொஞ்ச நேரத்தில் செப்புக் காசு நிறத்துக்கு மாறுகிறது. யாராவது சாயம் போட்டார்களா? இல்லை. இலைக்குள்ளேயே ஒரு வேலையாள் இருக்கிறார். பொலிபீனோல் ஒட்சிடேசு என்று அவருக்கு நீளமான ஒரு பெயர். இலை முழுசாக இருக்கும்போது அவர் ஒரு பக்கம், இலையின் துவர்ப்புச் சத்து இன்னொரு பக்கம். லயத்தில் அடுத்தடுத்த காம்பிராவில் இருக்கிற மாதிரி. உருட்டும்போது நடுச்சுவர் உடைகிறது. இரண்டும் கலந்து, காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்துகொள்ள, நிறமும் மணமும் ருசியும் உண்டாகின்றன. பிறகு டிரையர் சூட்டில் அந்த வேலையாள் செத்துப்போகிறார், மாற்றமும் நின்றுவிடுகிறது. பச்சைத் தேயிலை செய்கிறவர்கள் ஆரம்பத்திலேயே சூடு காட்டி அவரை முடித்துவிடுவார்கள். அதனால்தான் அது பச்சையாகவே இருக்கிறது.

இந்த மாதிரி வேலையாட்களைத்தான் நொதியம் என்கிறோம். நொதியம் என்பது பெரும்பாலும் ஒரு புரதம். ஒன்றை இன்னொன்றாக மாற்றும். ஆனால் அந்த வேலையில் தான் செலவாகிப் போகாது. இதை நிரூபித்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஜேம்ஸ் சம்னர். 17 வயதில் வேட்டையில் நடந்த விபத்தில் இடது கையை இழந்தவர். ஒரு கையை வைத்துக்கொண்டு இரசாயனம் படிக்க முடியாது, வேறு தொழில் பார் என்று அவருக்குப் புத்தி சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. 1926இல் ஓர் அவரை இன விதையிலிருந்து நொதியம் ஒன்றைப் பளிங்காகப் பிரித்தெடுத்து, அது புரதம்தான் என்று காட்டினார். 1946இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

செடிக்கு ஒரு விதமான நொதியம், மனிதருக்கு வேறு விதம் என்று எல்லாவற்றையும் பிரித்துவிட முடியாது. டிஸ்பென்சரியில் புண்ணைக் கழுவ ஐதரசன் பெரொட்சைட்டு ஊற்றினால் நுரை பொங்கும், பார்த்திருப்பீர்கள். நம் உடம்பிலுள்ள கற்றலேசு என்ற நொதியம் செய்கிற வேலை அது. அதே மருந்தை வெட்டின உருளைக்கிழங்கில் ஊற்றினாலும் நுரைக்கும். கிழங்கிலும் அதே வேலையாள் இருக்கிறார்.

இனி நம்ம கதைக்கு வருவோம். சில வேலையாட்களுக்குக் கையில் ஆயுதம் வேண்டும், கவ்வாத்துக்காரருக்குக் கத்தி மாதிரி. கொழுந்தைச் சிவக்க வைக்கிற நொதியத்துக்கு ஆயுதம் செப்பு. கற்றலேசுக்கு இரும்பு. நம் இரத்தத்தைச் சிவப்பாக வைத்திருக்கும் ஈமோகுளோபின் என்ற புரதத்துக்கும் இரும்புதான். அதன் ஒவ்வொரு மூலக்கூறும் 4 இரும்பு அணுக்களை வைத்துக்கொண்டு, நெஞ்சிலிருந்து ஒட்சிசனைச் சுமந்துபோய் உடம்பெங்கும் கொடுக்கிறது. தசைக்குள்ளே சாப்பாட்டைச் சக்தியாக மாற்றுகிற நொதியங்கள் பலவற்றுக்கும் இரும்பு வேண்டும்.

இரும்பு குறைந்தால் என்ன ஆகும்? சுமக்கவும் ஆளில்லை, சக்தி எடுக்கவும் ஆளில்லை. மலை ஏறினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும், கூடை நிறையாது. "இவளுக்குச் சோம்பல்" என்று ஏச்சும் விழும். அது சோம்பல் இல்லை தாய்மார்களே. அது இரத்தச்சோகையாக இருக்கலாம். பெண்களுக்கு ஈமோகுளோபின் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறையக் கூடாது. கர்ப்பிணிக்கு 11க்குக் குறையக் கூடாது. இரத்தம் ஏற்கெனவே குறைந்துபோன தாய்க்குப் பிரசவத்தில் இரத்தம் போனால், தாங்கிக்கொள்ள உடம்பில் மிச்சம் இருக்காது. உயிருக்கே ஆபத்து.

இரும்பு ஏன் குறைகிறது? மாதவிடாய், அடுத்தடுத்த பிரசவம், சத்துக் குறைந்த சாப்பாடு ஆகியவை காரணங்கள். கொழுக்கிப்புழு இன்னொன்று. வெறுங்காலில் நடக்கும்போது மண்ணிலிருந்து தோல் வழியே ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். இந்தப் புழுவை ஒழிக்க இலங்கைத் தோட்டங்களில் 1916இலேயே ஓர் இயக்கம் தொடங்கினார்கள் என்றால், நம் முன்னோர் பட்ட பாட்டை யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு காரணம் நம் கைக்குள்ளேயே இருக்கிறது. அது தேத்தண்ணி. தேயிலையிலுள்ள துவர்ப்புச் சத்து, கீரை, பருப்பு, தானியங்களிலுள்ள இரும்பை வயிற்றுக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். உடம்புக்குள் சேர விடாது. ரொட்டியோடு சேர்த்துச் சாயத் தேத்தண்ணி குடித்தால், அந்தச் சாப்பாட்டிலிருந்து கிடைக்க வேண்டிய இரும்பு பாதிக்கும் கீழே போய்விடலாம். இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியில் விழுங்குவதும் பாதி வீண்தான்.

"தேத்தண்ணி இல்லாம எப்பிடிங்க மலைக்குப் போறது?" என்று கேட்பீர்கள். விடச் சொல்லவில்லை. நேரத்தை மட்டும் மாற்றுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். மாத்திரையைத் தண்ணீரிலோ, தேசிக்காய்த் தண்ணீரிலோ குடியுங்கள். கிளினிக்கில் தரும் கல்சியம் மாத்திரையை அதோடு சேர்க்காமல் வேறு நேரத்தில் போடுங்கள். சோற்றோடு கொஞ்சம் தேசிப்புளி, கொய்யாப்பழம், பச்சைக்கீரைச் சம்பல் சேர்ந்தால், அதிலுள்ள விற்றமின் சி இரும்பை உள்ளே அழைத்துப்போகும். நெத்தலி, கருவாடு, இறைச்சி கொஞ்சம் கிடைத்தாலும் நல்லது. அதில் வீட்டு ஆம்பிளைக்கு மட்டும் பெரிய பங்கு என்ற வழக்கம் வேண்டாம். கைப்பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுக்கவே வேண்டாம்.

மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். வயிற்றைப் பிரட்டினால் நிறுத்திவிடாமல் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். மாத்திரைப் போத்தலைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இனிப்பு என்று நினைத்துப் பிள்ளை அள்ளித் தின்றால் உயிருக்கே மோசம்.

மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் இரத்தம் ஏறாவிட்டால் டொக்டரைப் பாருங்கள். இரும்பு இருந்தும் ஈமோகுளோபின் புரதத்தைச் சரியாகச் செய்ய முடியாத பரம்பரை நோய் ஒன்று உண்டு. அதற்குத் தலசீமியா என்று பெயர். தாயும் தகப்பனும் இருவருமே அதைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அந்த நோய் வரக்கூடும். கல்யாணத்துக்கு முன்பே இரத்தம் சோதித்தால் தெரிந்துகொள்ளலாம்.

உறவுகளே, நாம் பறிக்கும் கொழுந்து நல்ல நிறம் பிடிக்க வேண்டும் என்று பெக்டரியில் மணிக்கணக்குப் பார்த்துப் பக்குவம் செய்கிறார்கள். பறிக்கிறவளின் இரத்தத்துக்கும் அதே பக்குவம் வேண்டாமா? அடுத்த கிளினிக் நாளில் மாத்திரை வாங்கும்போது, "என் ஈமோகுளோபின் எவ்வளவு?" என்று கேட்டு, வீட்டிலும் சொல்லுங்கள். அந்த எண்ணைத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.