மே மாதத்துக்கு யார் சம்பளம் தருவது?

உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் முதலாண்டு. அதனால் வரப்போகிற கோடையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

'ஆய்வகத்தில் இரண்டு மாதம் பயிற்சி' என்று ஒருவர் தன் விண்ணப்பத்தில் எழுதுகிறார். அந்த வரி அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று விசாரித்துப் பாருங்கள். அப்பாவுக்குத் தெரிந்த பேராசிரியர், நகரத்தில் தங்க ஒரு சித்தி வீடு, பிள்ளை சம்பாதிக்காவிட்டாலும் அடுப்பு எரிகிற குடும்பம். நம் வீடுகளில் மே மாதம் ஜவுளிக்கடையில் நிற்கிற மாதம், சித்தாள் வேலைக்குப் போகிற மாதம். ஜூன் கட்டணம் அதில்தான் வர வேண்டும். ஊதியமில்லாத ஆராய்ச்சிப் பயிற்சி என்று ஒன்றை அறிவித்தாலே போதும். சாதிச் சான்றிதழ் கேட்காமலே அது சாதி பார்த்து ஆளெடுத்துவிடும்.

1913இல் அம்பேத்கர் கொலம்பியாவுக்குப் போனது பரோடா அரசின் உதவித்தொகையில். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுக்கு. 1916 மே 9 அன்று கோல்டன்வைசரின் கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையை வாசித்தபோது அவர் அந்தப் பணத்தில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தொகை நின்றதும் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. ரோகித் வெமுலாவின் கடைசிக் கடிதத்திலும் வர வேண்டிய 7 மாத உதவித்தொகைக் கணக்கு இருந்தது. பணத்தைப் பற்றிப் பேசினால் படிப்பில் அக்கறை இல்லாதவன் என்று சொல்வார்கள். சொல்லட்டும்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1980களின் இறுதியில் ஒரு திட்டம் தொடங்கியது. கறுப்பின மாணவர்களும் மற்ற சிறுபான்மையினரும் பாதியில் படிப்பை விட்டுப் போவதைத் தடுக்க, முதல் இரண்டு ஆண்டுகளிலேயே அவர்களைப் பேராசிரியர்களின் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்வது. கறுப்பின மாணவர்கள் நிலைத்து நிற்பதில் பலன் தெரிந்ததாக 1998இல் ஆய்வு வெளிவந்தது. இங்கே நம்மிடம் 'முதலில் மதிப்பெண் எடு, பிறகு ஆய்வகம் பார்க்கலாம்' என்கிறார்கள்.

நம் நாட்டிலும் வாசல்கள் இருக்கின்றன. மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் நடத்தும் நியஸ் திட்டம் இளங்கலைத் தொடக்க ஆண்டு மாணவர்களுக்கானது. அடுத்த ஆண்டுகளுக்கு, மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து தரும் இரண்டு மாதக் கோடை ஆய்வுநிதி உண்டு. அதற்கு விண்ணப்பம் முந்தைய நவம்பரிலேயே முடிந்துவிடும். நம் பிள்ளைகளுக்கு ஏப்ரலில்தான் தெரியவருகிறது. ஒரு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார வைக்கப்பட்டவருக்கு அதை யார் எழுதுவார்?

ஆகவே நம் கல்லூரியிடம் மூன்று கேட்போம். அறிவிப்பு வந்த அன்றே எல்லா விடுதிப் பலகையிலும் ஒட்ட வேண்டும். கேட்கும் எல்லோருக்கும் கடிதம் தர வேண்டும், மறுத்தால் காரணம் எழுத்தில். ரயில் கட்டணத்தை முன்பணமாகத் தர வேண்டும், ஏனென்றால் பில் கொடுத்துப் பிறகு வாங்கிக்கொள்ள நம் கையில் முதலில் காசு இல்லை.

மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். விண்ணப்பம் எழுத உதவி வேண்டுமென்றால் ஞாயிறு காலை விடுதி வாசிப்பறைக்கு வாருங்கள், நான் இருப்பேன்.