கோடுகளுக்கு நடை பழக்கும் பள்ளிக்கூடம்



பள்ளிக்கூடம் என்றால் எழுத்து, கணக்கு, மலாய், ஆங்கிலம், அறிவியல் என்றுதான் நம் மனத்தில் பதிந்திருக்கிறது. சினிமா எடுக்கவும் கார்ட்டூன் படம் வரையவும் ஒரு பள்ளிக்கூடமா, அதுவும் ஒரு பட்டம் வாங்கிய பிறகு போய்ப் படிப்பதா என்று தாய்மார்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அப்படி ஒரு பள்ளி நமக்கு வெகு அருகில், ஜோகூர்ப் பாலத்திற்கு அந்தப் பக்கம், சில ஆண்டுகள் நடந்தது. அதன் கதையைச் சொன்னால் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

2007ஆம் ஆண்டில் நியூயார்க் பல்கலைக்கழகம் தன்னுடைய டிஷ் கலைப் பள்ளியின் கிளை ஒன்றைச் சிங்கப்பூரில் தொடங்கியது. முதுகலை மாணவர்களுக்கு மட்டுமே அங்கே இடம். முதலில் திரைப்படம் கற்பித்தார்கள். பிறகு அசைவுப்படம், அதாவது நம் பிள்ளைகள் கார்ட்டூன் என்று சொல்வது, அதுவும் சேர்ந்தது. பல நாட்டு மாணவர்கள் வந்து ஒரே கூரையின் கீழ்ப் படித்தார்கள்.

அசைவுப்படம் கற்க வருகிறவருக்கு, எந்த ஊர்ப் பள்ளியானாலும், முதற்பாடம் பெரும்பாலும் ஒரு பந்துதான். ஒரு பந்து கீழே விழுந்து எழும்புவதை வரைய வேண்டும். இரப்பர்ப் பந்து என்றால் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை! ஆனால், அதைக் கண்ணால் பார்ப்பது வேறு, தாளில் கொண்டுவருவது வேறு. பந்து மேலே இருக்கும்போது மெதுவாகப் போகிறது. ஆகவே அங்கே படங்களை நெருக்கி நெருக்கி வரைய வேண்டும். கீழே வர வர வேகம் கூடுகிறது. படங்களுக்கு இடையே தூரமும் கூட வேண்டும். தரையில் பட்டதும் சற்று நசுங்க வேண்டும், எழும்பும்போது சற்று நீள வேண்டும். இதே அளவில் ஒரு கல்லுருண்டையை வரைந்தால் அது நசுங்கக் கூடாது, எழும்பவும் கூடாது. வட்டம் ஒன்றுதான். அது இரப்பரா கல்லா என்பதை ஓட்டத்தைக் கொண்டே பார்ப்பவர் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பந்து கைவந்த பிறகுதான் மனிதன் நடப்பது, நாய் ஓடுவது எல்லாம்.

இதற்குள்ளே இருக்கும் கணக்கையும் பாருங்கள். திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரே படத்தை இரண்டு முறை காட்டுவது வழக்கம். அப்படிச் செய்தாலும் நொடிக்கு 12 படங்கள் வேண்டும். ஒரு நிமிடத்திற்கு 720. ஐந்து நிமிடப் படத்திற்கு 3,600. இன்றைக்குக் கணினி வந்து இடைப்பட்ட படங்களைப் போட்டுக் கொடுக்கிறது என்றாலும், எந்த இடத்தில் வேகம், எந்த இடத்தில் நிதானம் என்பதை மனிதன்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட பள்ளிகளில் பாடத்தோடு இன்னொன்றும் உண்டு. அது விருந்தினர் உரை. தொழிலில் இருக்கிற இயக்குநரோ, ஒளிப்பதிவாளரோ, அசைவுப்படக் கலைஞரோ ஒரு நாள் வருவார். தம் படத்தைத் திரையிட்டுக் காட்டுவார். பிறகு மாணவர் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வார். முடிந்த படத்தைக் கொட்டகையில் யாரும் பார்த்துவிடலாம். ஆனால், குப்பைக்குப் போன ஓவியங்கள், மழையில் கெட்டுப்போன படப்பிடிப்பு, பாதியில் தீர்ந்த பணம், பத்துத் தடவை திருத்திய கதை ஆகியவற்றை வந்தவர் வாய்திறந்து சொன்னால்தான் உண்டு. நமக்கு இது புதிதல்ல. பால்வெட்டுக்குப் புதிதாகப் போன பெண்ணுக்கு மண்டோர் சொல்லிக் கொடுத்தது பாதி என்றால், பக்கத்து நிரையில் வெட்டிக்கொண்டிருந்த பெரியம்மா, மரத்தில் காயம் படாமல் பட்டையை எந்த ஆழத்திற்குச் சீவ வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டியது மீதி.

சிங்கப்பூர்ப் பள்ளிக்குக் கலை இயக்குநராக விளங்கியவர் ஆலிவர் ஸ்டோன் என்ற அமெரிக்க இயக்குநர். அவர் அதே நியூயார்க் பள்ளியில் படித்து 1971இல் வெளிவந்தவர். அங்கே அவருக்குப் பாடம் சொன்னவர்களில் ஒருவர் மார்ட்டின் ஸ்கார்செசி. பின்னாளில் இருவருமே உலகப் புகழ் பெற்ற இயக்குநர்கள். இவர்களிடம் கைமாறி வருகிற வித்தையைத்தான் அந்தப் பள்ளி ஆசியாவுக்குக் கொண்டுவர விரும்பியது.

இவ்வளவும் இருந்தும் அந்தக் கிளை நிலைக்கவில்லை. 2012ஆம் ஆண்டின் இறுதியில், இனிப் புதிய மாணவர் சேர்க்கை இல்லை என்று அறிவித்தார்கள். ஏற்கெனவே சேர்ந்தவர்கள் படித்து முடிக்கும் வரை நடத்தி, 2015இல் மூடிவிட்டார்கள். சிங்கப்பூர் அரசின் உதவி இருந்தும் வரவு செலவுக்குக் கட்டுப்படவில்லை என்பதே காரணம். தோட்டம் துண்டாடப்பட்டு, பள்ளிக்கூடம் ஊர்விட்டு ஊர் பெயர்ந்ததைக் கண்ட நமக்கு, ஒரு பள்ளி மூடப்பட்டது என்ற செய்தி சாதாரணமாகத் தோன்றாது. உலகப் பெயர் பெற்ற நிறுவனமே எட்டு ஆண்டுகளில் கதவை அடைத்தது என்றால், விளம்பரத்தில் மட்டும் பெயர் பெற்ற சிறு கல்லூரிகளைப் பற்றி நாம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்! இதற்குப் பிறகு வருவோம்.

அந்தப் பள்ளி திறந்த அதே 2007ஆம் ஆண்டில்தான் நம் நாட்டில் உப்பின் இப்பின் தொலைக்காட்சியில் தோன்றியது. ஒரு நோன்பு மாதத்திற்காகச் செய்த சிறு தொடர் அது. இன்றைக்கு அந்த இரட்டைப் பிள்ளைகளைத் தெரியாத வீடு நம் தோட்டங்களில் இல்லை. முத்து மாமாவையும் ராஜுவையும் கண்டு நம் குழந்தைகள் துள்ளுவது உங்களுக்குத் தெரியும். அதை உருவாக்கிய இளைஞர்கள் நம் நாட்டுப் பல்லூடகப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். அதே குழுவினர் உருவாக்கி 2009இல் வந்த ‘கெங்’ நாட்டின் முதல் முப்பரிமாண முழுநீள அசைவுப்படம்.

அதற்கும் முன்னே போனால் நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு பெயர் இருக்கிறது. மலேசியாவின் முதல் அசைவுக் குறும்படம் சருகுமான் கதை, ‘ஹிக்காயாட் சாங் கஞ்சில்’. அன்றிருந்த பிலிம் நெகாரா நிறுவனத்தில் 1978இல் உருவாகி, 1983இல் வெளிவந்தது. அதைச் செய்தவர் ஆனந்தம் சேவியர். அந்தப் பெயரை நம் பிள்ளைகளின் பொது அறிவுப் புத்தகங்களில் காண முடிவதில்லை. காண வேண்டும் என்பது நம் ஆசை. கேலிச்சித்திரக்காரர் லாட்டையும் எல்லாரும் அறிவீர்கள். பேராக் மாநிலத்துக் கம்பத்தில் வளர்ந்தவர். பத்திரிகை நிருபராகச் சேர்ந்து முன்னேறியவர். அவருடைய ‘கம்பத்துப் பையன்’ அசைவுப்படத் தொடரின் ஒரு பகுதி 1999இல் பிரான்சு நாட்டு ஆன்சி விழாவில் பரிசு பெற்றது.

ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் கணக்கு நோட்டின் ஓரத்தில், தாளுக்குத் தாள் ஒரு செம்பனை லோரியை வரைந்து வைத்திருந்தான். ஓரத்தை விரலால் விரைந்து புரட்டினால் லோரி ஓடுகிறது; மேட்டில் மெதுவாக ஏறி, இறக்கத்தில் வேகமாக இறங்குகிறது! யாரும் சொல்லித் தரவில்லை. அவனுடைய தந்தையார் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சார், நல்லாத்தான் இருக்கு. ஆனா இது சோறு போடுமா?” என்று கேட்டார்.

போடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட நம்மால் முடியாது. இத்தொழிலில் ஒரு படம் முடிந்தால் அடுத்த படம் வரும்வரை காத்திருக்கும் ஒப்பந்த வேலைகள் நிறைய. இரவு பகல் பாராமல் உழைக்க வேண்டிய காலமும் உண்டு. ஆனால், படம் முடிந்ததும் திரையில் ஓடுகிற பெயர்களை எண்ணிப் பாருங்கள். பின்னணி வரைபவர், வண்ணம் சேர்ப்பவர், ஒலி அமைப்பவர், கதை எழுதுபவர், கணக்கு வழக்குப் பார்ப்பவர் என்று அத்தனை பேருக்கும் அது வேலைதான். பாடப்புத்தகம், விளம்பரம், கணினி விளையாட்டு ஆகியவற்றுக்கும் இந்தக் கைகள் தேவைப்படுகின்றன. தந்தையாருக்கு நாம் சொன்னது இதுதான்: பையன் வரையட்டும், ஆனால் கணக்கை விடக்கூடாது, லோரியின் வேகத்தைக் கண்டுபிடித்ததே கணக்குதானே.

பெற்றோர்களே, எடுத்த எடுப்பில் முதுகலைப் பள்ளிக்கு யாரும் போவதில்லை. எஸ்.பி.எம். முடித்து டிப்ளோமா, பிறகு இளங்கலைப் பட்டம், அதன் பிறகே முதுகலை. கோலாலம்பூரில் உள்ள அஸ்வாரா, அதாவது 1994இல் தேசியக் கலைக் கழகமாகத் தொடங்கப்பட்ட அரசாங்க நிலையம், திரைக்கலையைக் கற்பிக்கிறது. தனியார் கல்லூரிகளும் உண்டு. வண்ண வண்ணக் கையேட்டோடு வருகிறவர்களிடம் கையெழுத்துப் போடுமுன் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். அந்தப் பாடத்திட்டம் மலேசியத் தகுதி முகமையின் பட்டியலில் இருக்கிறதா? பட்டியலை யாரும் பார்க்கலாம். கைப்பேசியில் பார்க்கத் தெரியாவிட்டால் பள்ளி ஆசிரியரிடம் சொல்லுங்கள், பார்த்துத் தருவார். பிடிபிடிஎன் கடன் கிடைக்குமா? சென்ற ஆண்டு முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள்? அவர்கள் செய்த படம் ஒன்றைக் காட்ட முடியுமா? கல்லூரி நடுவில் மூடப்பட்டால் பிள்ளைகளை எங்கே சேர்ப்பீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு முகம் சுளிப்பவரிடம் முன்பணம் கட்ட வேண்டாம். கட்டினால் கட்டாயம் ரசீது வாங்குங்கள். ரசீதில் கல்லூரியின் பெயர் இருக்க வேண்டும், முகவரின் பெயர் இருந்தால் போதாது.