குடலைக் காக்கும் குறிகள்



வயிற்றுப்போக்கு எல்லார் வீட்டிலும் வந்து போவதுதான். ஆனால் அது வாரக்கணக்கில் நீடித்து, மலத்தில் இரத்தமும் சளியும் கலந்து வந்தால், நாட்பட்ட குடல் அழற்சியாக இருக்கலாம். 2015-இல் வெளியான பேராக் கிந்தா பள்ளத்தாக்கு ஆய்வில், இந்நோய் மற்ற இனத்தாரைவிட இந்தியரிடையே கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே இது நாம் அறியவேண்டிய செய்தி.

பெருங்குடலின் உட்சுவர் ஒரே ஓர் அடுக்கு உயிரணுக்களால் ஆனது. ஒரு பக்கம் கோடானுகோடி கிருமிகள். மறுபக்கம் நம் உடல். இந்த உயிரணுக்கள் சில நாட்களிலேயே உதிர்ந்து, புதியவை பிறக்கின்றன. புதியவை தம் வேலையை எப்படி அறிகின்றன?

தோட்டத்துப் பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். செக்ரோலில் எல்லார் பெயரும் இருக்கும். இன்று யாருக்கு வேலை என்பதைக் கிராணி போடும் குறி சொல்லும். குறி மாறினாலும் பெயர் மாறுவதில்லை. உயிரணுவிலும் அப்படியே. மரபணுக்களே பெயர்கள். மெத்தில் என்னும் சிறு இரசாயனக் குறி ஒட்டினால், பெரும்பாலும் அந்த மரபணு ஓய்ந்திருக்கும். மரபு இழை, ஹிஸ்டோன் என்னும் புரத உருண்டைகளில் நூல்போல் சுற்றியிருக்கிறது. சுற்று இறுகினால் மரபணு உறங்கும், தளர்ந்தால் விழிக்கும். தாய் உயிரணு இரண்டாகும்போது பல குறிகளும் பிரதியாகிச் சேய்க்குப் போகின்றன. இதை ஆராய்வதே மேல்மரபியல்.

குடற்சுவரைப் பிணைக்கும் மரபணுக்கள் விழித்திருக்கவேண்டும். அழற்சியைத் தூண்டுபவை வேளை வரும்வரை அடங்கியிருக்கவேண்டும். குறிகள் குழம்பினால் சுவர் பலவீனமடையும்.

இங்கேதான் சாப்பாடு வருகிறது. கீரை, பயறு, வாழைத்தண்டு இவற்றின் நாரைக் குடற்கிருமிகள் புளிக்கவைத்து, பியூட்டிரேட் என்னும் பொருளை உண்டாக்குகின்றன. அது குடல் உயிரணுக்களுக்கு உணவு. அதோடு, இழையைத் தளர்த்தி வைக்கும் குறிகள் நீங்கிவிடாமலும் தடுக்கிறது. அழற்சியை அடக்கும் வெள்ளணுக்களை அது பெருக்குகிறது என்று 2013-இல் சுண்டெலிகளிடம் நடந்த ஆய்வுகள் காட்டின.

ஆயினும் கீரை மருந்தாகிவிடாது. நோய் முற்றியிருக்கும் வேளையில் நாருணவைக் குறைக்கச் சொல்வதும் உண்டு. இரத்தப்போக்கை மூலம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். வெட்கப்பட்டு மறைக்கவும் வேண்டாம். உடல் மெலிந்தாலும், இரத்தம் தொடர்ந்தாலும் அரசாங்க கிளினிக்கில் சொல்லுங்கள். குழாய்க் கருவியால் குடலைப் பார்த்து நோயைக் கண்டறியலாம், மருந்தால் கட்டுப்படுத்தலாம். தாமதிப்பதுதான் ஆபத்து.